தனி டம்ளர் எடுத்துவந்த சம்பந்தி சொல்லும் காரணம்

புதுவாயலில் இருக்கும் மதிப்பிற்குரிய சம்பந்தி எபினேசர் அவர்களுக்கு, ஆரணியிலிருந்து சடையப்பன் கைகூப்பி எழுதுவது. உங்கள் கர்த்தர் புண்ணியத்தில் நீங்களும் எங்கள் அங்காளம்மன் புண்ணியத்தில் நாங்களும் சௌக்கியம். என் இருமலை மட்டும் இதில் சேர்க்க முடியாது. போனில் சொல்லலாம்தான். நீங்கள் எடுக்காவிட்டால் எனக்கு அவமானம், எடுத்துவிட்டால் எனக்குப் பேச்சு வராது.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு விருந்துக்கு நான் சொந்த டம்ளர் எடுத்துவந்த காரணம் பொறாமை. நான் சுற்றிவளைத்து எழுதுகிறவன், நடுவில் மறந்துவிடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நீங்கள் பிஸ்கட் கம்பெனியில் தலைக்கு வலை, கைக்கு உறை மாட்டி வேலை பார்ப்பவர். என் மகள் கல்பனா உங்களுக்கு மருமகளாக வந்ததிலிருந்து போனில் ஒரே பாட்டு. "அப்பா, மாமா நகக்கண்ணுகூட தேய்ச்சிக் கழுவுறாருப்பா. தும்மல் வந்தா முழங்கைய மடிச்சிக்கிறாருப்பா. சோறு போடும்போது பேசவே மாட்டாரு, எச்சி தெறிக்குமாம்." பெற்று வளர்த்த என்னைப் பற்றி அவள் பேசியது ஒன்றே ஒன்றுதான். நீங்கள் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, நான் ரசத்தைக் கரண்டியோடு வாயில் வைத்து உப்புப் பார்த்துவிட்டு அதே கரண்டியைக் குண்டானில் விட்டேனாம், பிறகு அப்பளத்தட்டின்மேல் தும்மினேனாம். "எல்லாரும் பார்த்துக்கினு இருக்காங்க, நீ பாட்டுக்குச் சிரிச்சிக்கினே அத எடுத்துப் போடுற!" நீங்கள் அந்த அப்பளத்தை வாங்கி இலையோரமாக மரியாதையாக வைத்தீர்கள். சம்பந்தி, அந்த மரியாதைதான் என் வயிற்றை எரித்தது.

மறுநாளே கை கழுவப் பழகினேன். "இன்னாய்யா, சோப்பக் கரைச்சிக் குடிக்கிறியா, நேத்துதான வாங்கினேன்?" என்று என் வீட்டுக்காரி பூவம்மாள் கத்தினாள். அந்த நேரம் பார்த்து எனக்குச் சளி பிடித்தது. சளி பிடித்தால் மாமா தனி டம்ளர் வைத்துக்கொள்வார், மற்றவர்களுக்கு ஒட்டக்கூடாதாம் என்று கல்பனா ஒருநாள் சொல்லியிருந்தாள். விடுவேனா? அடி கனமான புது டம்ளர் வாங்கி, மஞ்சப்பையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். உங்கள் வீட்டில் முழங்கைவரை கழுவினேன், கழுவிய கையோடு திரைச்சீலையைத் தொட்டுவிட்டேன், மறுபடி போய்க் கழுவினேன், அதற்குள் பிரியாணி ஆறிப்போனது. உங்கள் வீட்டுக்காரம்மா, தங்கச்சி மெர்சி, "உக்காருங்கண்ணே" என்று செம்பில் தண்ணீர் கொண்டுவந்தது. நான் பையிலிருந்து டம்ளரை எடுத்து முன்னால் வைத்து, "இதுல ஊத்தும்மா" என்று சொல்லிவிட்டு, பாராட்டுக்காக ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒரு முகமும் சரியில்லை. மாப்பிள்ளை அன்பு இலையைவிட்டு நிமிரவில்லை. தங்கச்சி செம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டது. நீங்கள்தான் எழுந்து ஊற்றினீர்கள், ஒரு சொட்டுச் சிந்தாமல். அதிலும் நீங்களே ஜெயித்தீர்கள்.

வாசலில் கல்பனா என் கையைப் பிடித்து இழுத்தாள். "தனி டம்ளர்னா இந்த ஊட்ல இன்னா அர்த்தம்னு தெரியுமா ஒனக்கு? இவங்க தாத்தா மாதிரி ஆளுங்களுக்குக் களத்துமேட்டுல கொட்டாங்குச்சியில தண்ணி ஊத்தின ஜனம் நாம. இனிமே எனக்குப் போன் பண்ணாத."

"எனக்குச் சளிம்மா" என்றேன். கதவைச் சாத்திவிட்டாள்.

சத்தியமாக எனக்கு அது தோன்றவில்லை, சம்பந்தி. குடித்தவர்கள் வீட்டில் ஒருத்தருக்கும் மறக்காதது, ஊற்றினவன் வீட்டுப் பிள்ளையான எனக்கு மறந்துபோனதே, அதுதான் தப்பு. தங்கச்சியிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். கிளம்பின பதற்றத்தில் டம்ளரை அங்கேயே விட்டுவிட்டேன். அனுப்ப வேண்டாம். உங்கள் டம்ளர்களோடு கலந்து போட்டுவிடுங்கள். மறுபடி கூப்பிட்டால், கைக்கு வந்த டம்ளரில் குடிக்கிறேன். கல்பனாவை மட்டும் போன் எடுக்கச் சொல்லுங்கள், திட்டுவதற்காகவாவது. உங்கள்மேல் எனக்கிருந்த பொறாமை இன்றோடு ஒழிந்தது.

தங்கச்சிக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு எங்கள் ஆசியும்.

இப்படிக்கு,
இருமிக்கொண்டே எழுதும்
சடையப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது கல்பனா கூப்பிட்டாள். "அப்பா, மாமா அன்னிலருந்து உன் டம்ளர்லதான் காபி குடிக்கிறாரு. யாரையும் தொட விடமாட்டேங்கிறாரு, சம்பந்தி டம்ளராம்." எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதோடு விட்டாளா? "எவ்ளோ சூடா இருந்தாலும் உதட்டுல படாம அண்ணாந்து குடிக்கிறாருப்பா. பார்த்துக் கத்துக்கோ!" ஆகையால் சம்பந்தி, பொறாமை ஒழிந்தது என்று மேலே எழுதியிருக்கிறேனே, அந்த வரியை மட்டும் அடித்துவிட்டுப் படிக்கவும்.