பிராங்கிளின் சார் ரூமுக்கு யார் போவது?

‘மாணவர் ஆலோசனை மற்றும் ஆதரவு மையம்’ என்று வாசலில் போர்டு மாட்டிய நாளிலிருந்து பிராங்கிளின் சார் உள்ளே தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார். துணைக்கு ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, அழுகிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு டிஷ்யூ பெட்டி. அந்தப் பெட்டியில் இதுவரை குறைந்ததெல்லாம் சாருடைய சளிக்குத்தான்.

திருவொற்றியூர் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் அவர் பொருளாதார விரிவுரையாளர். ஏதோ ஒரு குழு வந்து பார்த்துவிட்டு, படிப்பிலும் சொந்தக் கஷ்டத்திலும் மாணவர்களுக்குக் கைகொடுக்க ஒரு மையம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனது. பெரம்பூரில் நடந்த மனநலப் பயிற்சி வகுப்புக்கு ஒரு வாரம் போய்வந்தவர் என்பதால் வேலை இவர் தலையில் விழுந்தது. மதியம் பிரியாணி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் அவர் அந்த வகுப்புக்கே போனார் என்பது வேறு விஷயம். விளையாட்டுச் சாமான் போட்டிருந்த அறையைக் காலி செய்து கொடுத்தார்கள்.

“மாசக் கடைசிக்குள்ள மையம் நடக்குதுன்னு எனக்குத் தெரியணும். இல்லேன்னா ரூம் மறுபடி ஸ்போர்ட்ஸுக்கு, நீங்க மீஞ்சூர் கிளைக்கு” என்று பிரின்சிபால் கருணாகரன் சொல்லிவிட்டார்.

மீஞ்சூருக்கு அவர் பயப்படவில்லை. ரயில் ஏறினால் ஆயிற்று. பயமெல்லாம் வீடு இருக்கிற ராயபுரத்துக்குத்தான். அவர் மனைவி சில்வியா, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்ற அத்தனை பேரிடமும், தன் வீட்டுக்காரர் இப்போது டைரக்டர் என்று சொல்லியிருந்தாள். எங்கள் தெருவில் ஒரு செய்தியைக் கொடுப்பது சுலபம், திரும்ப வாங்க முடியாது. நாங்களும் சும்மா இருக்காமல், அவருக்குக் கார் வரப்போகிறது என்பது வரைக்கும் சேர்த்துவிட்டிருந்தோம்.

சார் வகுப்பு வகுப்பாகப் போய், மனதில் கஷ்டம் உள்ளவர்கள் யாராக இருந்தாலும் தன்னிடம் வரலாம் என்று அறிவித்தார். கடைசி பெஞ்சில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனை எழுப்பி நிறுத்தி, “இவன்தான் சார் லூசு, இட்டுகினு போங்க” என்றான். அன்றிலிருந்து அதற்கு லூசு ரூம் என்று பெயராகிவிட்டது. பக்கத்தில் இருந்த குடிதண்ணீர்க் குழாய்க்குக்கூட ஆள் வருவது நின்றுபோனது.

வருகிறவர்களை வெளியில் யாரும் பார்க்காமல் இருக்கட்டும் என்று வாசலுக்கும் சன்னலுக்கும் சில்வியாவின் பழைய பூப்போட்ட புடவையைக் கிழித்துத் திரை கட்டினார். மதியத்துக்குள் உள்ளே கரண்ட் ஷாக் வைக்கிறார்கள் என்று பேச்சு. டீ கொண்டுவருகிற ஆள் டம்ளரைத் திரைக்கு வெளியே தரையில் வைத்துவிட்டு ஓடினார்.

வேறு வழியில்லாமல் பிரின்சிபாலிடமே போய் நின்றார். “சார், நீங்க ஒரு வார்த்தை சொன்னா பசங்க கேப்பாங்க.”

பிரின்சிபால் கொஞ்சம் யோசித்தார். “அனுப்பறேன், போங்க” என்றார்.

மறுநாள் காலையிலேயே திரை விலகியது. புளியந்தோப்பு அறிவு, பி.காம் இரண்டாம் ஆண்டு. முகத்தில் அப்படி ஒரு வேதனை. பயிற்சி வகுப்பில் சொன்ன வேதனை இதுதான் என்று சாருக்கு உடம்பு சிலிர்த்தது.

“சொல்லுப்பா. என்ன கஷ்டம்?”

“ஒண்ணியும் இல்ல சார்.”

“முதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க.”

அறிவு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தான். சார் அவன் வாயைப் பார்த்தார். முள் நகருகிற வழியாக இல்லை. கடைசியில் தாங்க மாட்டாமல், “வூட்ல கல்யாணம் பண்ணிக்கச் சொல்லி பேஜார் பண்றாங்கோ சார்” என்றான்.

சார் டிஷ்யூவை நீட்டினார். அவன் வேர்வையைத் துடைத்துக்கொண்டான். சாருக்கு அது கண்ணீராகத் தெரிந்தது.

அப்புறம் பிடித்தது கூட்டம். காசிமேட்டில் பிறந்த ஒருத்திக்குக் கடலைப் பார்த்தால் பயமாம். ஒருவன் தூக்கத்தில் எழுந்து எண்ணூர் வரை நடந்துவிடுகிறானாம். அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். அப்பா செத்துப்போய்விட்டார் என்று அண்ணன் சொன்னான், அப்பா அடிக்கிறார் என்று தம்பி சொன்னான். சார் இரண்டையும் நம்பினார். பொருளாதாரம் நடத்தும்போது ஒருத்தனும் விழித்திருந்ததில்லை, இத்தனை காலம் தப்பான தொழிலில் இருந்துவிட்டேனே என்று முகம் பார்க்கிற கண்ணாடியிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

அதோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பார். அறிவைக் காப்பாற்றியே தீருவது என்று சனிக்கிழமை ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு மாடி ஏறிவிட்டார்.

அறிவின் அம்மா கெங்கம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சார் உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்தார். “அம்மா, பையனுக்குக் கல்யாணப் பேச்சு இப்ப வேணாம்.”

“யாருக்கு, அறிவுக்கா? அவன் துணியே இன்னும் நான்தான் தோச்சுப் போடறேன். யாரு சார் பொண்ணு?”

“பொண்ணு யாருன்னு நீங்கதான் சொல்லணும்.”

“நான் இன்னாத்த சொல்றது? நீதான சார் கல்யாணப் பேச்ச எடுத்துகினு வந்து கீற?”

ஷிப்ட் முடிந்து அப்போதுதான் உள்ளே வந்த அறிவின் அப்பா லட்சுமணன் காதில் இந்தக் கடைசி வரி மட்டும் விழுந்தது. முழுக்கைச் சட்டை, மடியில் பிஸ்கட் பாக்கெட். புரிந்துவிட்டது. முகத்தைக் கழுவி, துண்டை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து, பொண்ணு இன்னா படிச்சுக்கீது என்று மரியாதையாக விசாரித்தார்.

தனக்குப் பெண்ணே இல்லை, இரண்டும் பையன்கள் என்றார் சார்.

“பொண்ணே இல்லாம எதுக்குயா மாப்ள பாக்க வந்த?”

மாடிப்படி முழுக்க ஆள் சேர்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அறிவு மேலே வந்தான். சாரைப் பார்த்தான். வந்த வேகத்திலேயே திரும்பி இறங்கினான். ஒற்றைச் செருப்பு படியிலேயே தங்கிவிட்டது. அதற்குமேல் கெங்கம்மாவுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அன்று ராத்திரி துடைப்பக்கட்டை பேசியது என்று கேள்வி.

கதை சாருக்கு முன்னாலேயே ராயபுரம் வந்து சேர்ந்தது. எங்கள் தெருவில் அது, பிராங்கிளின் சாருக்கு எங்கேயோ ஒரு பெண் இருக்கிறாள், ரகசியமாக மாப்பிள்ளை தேடுகிறார் என்று நடமாடியது. பெண் எந்த வருஷம் பிறந்திருப்பாள் என்றுகூட நாங்கள் கணக்குப் போட்டுவைத்தோம். சில்வியா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“அந்தப் பொண்ணோட ஆயி யாரு?”

ஒரு வாரம் சார் வீட்டில் வாய் திறக்கவில்லை, சில்வியா அடுப்பைத் திறக்கவில்லை.

கல்லூரியிலோ அதைவிட மோசம். திங்கட்கிழமை முதல் திரை அசையவேயில்லை. கடல் பயக்காரி, தூக்கத்தில் நடப்பவன், அண்ணன், தம்பி, ஒருவரும் இல்லை. சார் மறுபடி தன் சளிக்கு டிஷ்யூ எடுக்க ஆரம்பித்தார். மாதக் கடைசி வந்தது. பிரின்சிபால் கூப்பிட்டனுப்பினார். மீஞ்சூருக்கு எந்த ரயில் என்று ஸ்டேஷனில் விசாரித்துவிட்டே சார் போய் நின்றார்.

பிரின்சிபால் எழுந்து கை குலுக்கினார். “பிரமாதம் பிராங்கிளின். உங்க மையத்தால காலேஜே ஒழுங்குக்கு வந்துருச்சு. மீஞ்சூர் பேச்சே வேணாம். ரூம் உங்களுக்குத்தான், நிரந்தரமா.”

சாருக்கு ஒன்றும் புரியவில்லை. சில்வியாவிடம் சொல்ல ஒரு நல்ல வார்த்தை கிடைத்துவிட்டதே என்று வெளியே வந்தவர், கொடிக்கம்பத்தடியில் அறிவும் இன்னும் சிலரும் மொட்டை வெயிலில் வரிசையாக நிற்பதைப் பார்த்தார். மனசு கேட்கவில்லை.

“ஏம்ப்பா இப்படிக் காயறீங்க? என் ரூம்ல ஃபேன் ஓடுது, வந்து உக்காருங்க.”

ஒருவரும் அசையவில்லை. அறிவு மட்டும் கம்பத்தை இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்றான்.

மைதானத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த சிலுவையம்மாள் நிமிர்ந்தாள். “உட்டுடு சார், பாவம். லேட்டா வந்தா ஒரு மணி நேரம் வெயிலு, இல்லாங்காட்டி அரை மணி நேரம் உன் ரூமுன்னு பெரிய சாரு அப்பவே தண்டனை சொல்லிக்கீறாரு. நீ புளியந்தோப்பு போய்வந்ததுல இருந்து எல்லாம் வெயிலையே கெஞ்சிக் கேட்டு வாங்கினு நிக்குதுங்க.”