என் முன்னோடியின் பின்பாதி

அன்று துபாய் அல் குசைஸில் பெண் வீட்டு ஹாலில் இருந்தவர்கள்: பெண் நித்யா, அவள் அப்பா, அம்மா, என் ரூம்காரர் முருகேசண்ணன், நான். வராதவர்கள்: ஊரிலிருந்த என் அப்பா அம்மா, அப்புறம் ஒரு புத்தகத்தின் பின்பாதி.

ஏழு இடம் தட்டிப்போய் வந்த எட்டாவது இடம் அது. பெண்ணை எனக்குப் பார்த்ததுமே பிடித்துவேறு தொலைத்தது.

புத்தகம், நான் தங்கியிருந்த முவைலா ரூமில் எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போனது. அட்டை கிடையாது, நடுப்பக்கத்துக்குமேல் எதுவுமே கிடையாது. ஓர் ஆங்கிலேயரின் வாழ்க்கை வரலாறு. கவிஞர், சதுரங்கப் புலி, இமயமலை ஏறியவர். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். (அச்சில் இருப்பதெல்லாம் பாடம் என்று நம்புகிற ரகம்.) இங்கிலீஷ் பழகத் தினமும் வாய்விட்டு வாசித்து, அவரையே முன்னோடியாக வரித்துக்கொண்டேன்.

பெண்ணின் அப்பா அக்கவுண்டன்ட். இன்டர்வியூ மாதிரியே கேட்டார்: "தம்பிக்கு ரோல் மாடல் யாரு?"

தெரிந்த கேள்வி வந்த பூரிப்பில் பத்து நிமிடம் பொழிந்தேன். "பெத்த அம்மாவே அவரை மிருகம்னு திட்டினாங்க சார். அதையும் தாண்டி முன்னுக்கு வந்தார். எனக்குப் பையன் பொறந்தா அவர் பேருதான்!"

நித்யா (துபாயிலேயே வளர்ந்தவள்) அந்தப் பெயரை போனில் தட்டினாள்.

"அப்பா, வெயிட். இவர் பிளாக் மேஜிக் ஆளு. புதுசா ஒரு மதமே ஸ்டார்ட் பண்ணியிருக்கார். இத்தாலியிலேருந்து துரத்திவிட்டிருக்காங்க. உலகத்துலயே மோசமான மனுஷன்னு பேப்பர்லயே எழுதியிருக்காங்க."

அவள் அம்மா என் முன்னாலிருந்த கேசரித் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"என்னப்பா இது?" அப்பா குரலைத் தாழ்த்தினார். "இந்த ஊர்ல மாந்திரீகம்னா உள்ள தூக்கி வெச்சிடுவான், தெரியுமில்ல?"

முருகேசண்ணன் என்னைக் காப்பாற்றப் புறப்பட்டார். "சேச்சே, தங்கமான புள்ள சார். டூட்டி முடிஞ்சா ரூமு. குளிச்சிட்டு, மூலையில உக்காந்து, அந்தப் புஸ்தகத்தைத்தான் சத்தமா ஓதுவான். எங்களுக்கு ஒரு எழுத்துப் புரியாது!"

கலாஸ், கதை முடிந்தது. எட்டாவது இடமும் போயிற்று.

"மீதியில என்ன இருந்துச்சுன்னு சத்தியமா தெரியாதுங்க," என்றேன். "கெடைச்சதே பாதிதான்."

"பாதியை வெச்சுக்கிட்டா பத்து நிமிஷம் பேசினீங்க?" என்றாள் நித்யா.

"ஆமாங்க."

சிரித்துச் சிரித்து சோபாவிலிருந்து சரிந்தாள். "அப்பா, இவருக்குப் பொய் சொல்லவே வராது. எனக்கு ஓகே."

அவள் அம்மாவுக்கு ஓகே இல்லை. ஊரில் பரிகார ஹோமம் செய்தால்தான் தாலி என்றார். இன்றும் நான் யாரையாவது பாராட்டினால், "முழுசா படிச்சீங்களா மாப்ளே?" என்கிறார் மாமனார். வீடே சிரிக்கிறது.

வெளிநாட்டு ஆவி என்பதற்காக ஐயர் கூடுதலாகப் போட்ட இரண்டாயிரத்தையும் சேர்த்து, ஹோமத்துக்கு இரு வீட்டாருக்கும் ஆன செலவு: பதினோராயிரத்து நூற்றியொரு ரூபாய்.