கியர் அக்கா

பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்டவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். துண்டு, குடை, கைக்குழந்தை என்று கையில் கிடைத்ததை ஜன்னல் வழியாக உள்ளே போட்டு இடம் பிடித்தவர்களையும் பார்த்திருப்பீர்கள். ஆனால் டிரைவருக்குப் பக்கத்தில், தோசைக்கல் மாதிரி கொதிக்கிற என்ஜின் பெட்டியின் மேல்தான் உட்காருவேன் என்று தினமும் மல்லுக்கு நின்ற ஒரே பெண் இந்தப் பூமியில் எங்கள் கியர் அக்காதான். எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். திருவண்ணாமலையில் ஒரு சங்க அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அக்கா அங்கே டைப்பிஸ்ட். பல வருஷமாக டெம்ப்ரவரி. கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார், வழியில் நானும் அதே பஸ்ஸில் ஏறுவேன். அவருடைய அப்பா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். பெண்ணின் வேலை பர்மனென்ட் ஆகிவிட்டால் தன் கடமை முடிந்தது என்று இருந்தவர். தபால்காரர் அவர் வீட்டுத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போகும் அளவுக்கு, ஆர்டர் வந்ததா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அக்கா டைப் அடிப்பதே தனி அழகு. பேப்பரைச் செருகி, முதுகை நிமிர்த்தி, இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார். வரி முடிந்து லீவரைத் தள்ளும்போது வாய்க்குள் 'உர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். எங்கள் ஆபீஸ் மாடியில். கீழே ரோட்டில் லாரி போனால் தலையைத் தூக்காமலே, "தேர்டுல போறான், செகண்டுக்கு வந்திருக்கணும்" என்பார். அடுத்த நிமிஷம் லாரி திணறி நிற்கும் சத்தம் கேட்கும். ஒரு தடவை மானேஜர் சொல்லச் சொல்ல அக்கா அடித்துக்கொண்டிருந்தபோது கீழே ஏதோ வண்டி கிரீச்சிட்டது. 'ஆண்டுக் கூட்டத்துக்கு உறுப்பினர்கள் அனைவரும் தவறாமல் பிரேக் வருகை தரவும்' என்று சுற்றறிக்கை ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. அந்த வருஷம் கூட்டத்துக்கு யாரும் வரவில்லை.

இதையெல்லாம்விடப் பெரிய பிரச்சினை பஸ்ஸில் நடந்தது. என்ஜின் பெட்டியில் உட்கார்ந்த அக்கா ரோட்டைப் பார்க்க மாட்டார், வயலைப் பார்க்க மாட்டார். வைத்த கண் வாங்காமல் டிரைவர் பக்கமே பார்த்துக்கொண்டு வருவார். டிரைவருக்கு ஐம்பது வயது, தொந்தி, மூன்று பிள்ளைகள். முதலில் அவர் குழம்பினார். பிறகு லேசாகப் பூரித்தார். மீசைக்கு மை ஏறியது. காக்கிச் சட்டைக்குள்ளிருந்து சென்ட் வாசம் வந்தது. பஸ் முழுக்க ஒரே பேச்சு. கடைசியில் சேதி அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, ஒருநாள் காலையில் டிரைவரின் மனைவியே பஸ் ஏறிவிட்டார். அக்காவுக்கு எதிரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"எங்க வூட்டுக்காரர எதுக்கும்மா தெனமும் அப்படிப் பாத்துக்கினே வர்ற?"

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்தார். அக்கா நிதானமாகச் சொன்னார்.

"அவர யாருங்க பாத்தாங்க? அவர் காலப் பாக்குறேன். கிளட்ச்ச பாதிதான் மிதிக்கிறாரு. அதாங்க கியர் போடறப்பல்லாம் கரகரன்னு கத்துது. நீங்களாவது வீட்ல சொல்லக் கூடாதா?"

பஸ் சிரித்த சிரிப்பில் இரண்டு கோழிக்கூடைகள் சரிந்தன. டிரைவரின் மனைவி அந்த இடத்திலேயே அக்காவுக்குச் சிநேகிதி ஆகிவிட்டார். டிரைவருக்குத்தான் தாங்கவில்லை. கெட்ட பெயரைக்கூடப் பொறுத்துக்கொண்ட மனுஷன், இதைப் பொறுக்க முடியாமல் இரண்டு நாள் லீவு போட்டார். திரும்பி வந்தபோது மீசை பழையபடி நரைத்திருந்தது, கிளட்ச் முழுசாக இறங்கியது, கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. கண்டக்டர் அன்றைக்கு வைத்த பெயர்தான் கியர் அக்கா. அதற்கு முன் அவருக்கு இருந்த பெயர் எனக்கே மறந்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அப்போது ஒரு டிரைவிங் ஸ்கூல் இருந்தது. நடத்தியவரை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். சாதுவான மனிதர். கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பக்கம் இருக்கும் தனி பிரேக்கை மிதித்து மிதித்தே ஒரு முழங்கால் போய்விட்டிருந்தது. மாதக் கடைசியில் அக்கா என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு அங்கே போய் நின்றார். பாய்க்குத் தர்மசங்கடம். பெண்கள் யாரும் இதுவரை வந்ததில்லை, கார் கொஞ்சம் கனமான சமாச்சாரம், மொபெட் ஏதாவது கற்றுக்கொள்ளலாமே என்று தன்மையாகச் சொல்லிப் பார்த்தார். அக்கா அதற்குள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

நான் பின்சீட்டில். பாய் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே பிரேக்கின் மேல் காலை வைத்தார். வண்டி நகர்ந்தது. குலுங்கவில்லை, முனகவில்லை. கிரிவலப் பாதையில் திரும்பி, அடி அண்ணாமலை வரும்வரை பாய் அதை ஒரு தடவைகூட மிதிக்கவில்லை. பிறகு காலைப் பிரேக்கிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டு கேட்டார்.

"முன்னாடி எங்கம்மா ஓட்டுனீங்க?"

"ஓட்டுனதே இல்ல பாய். ஆபீஸ் மெஷின்ல கியர் போட்டுப் பாத்துக்குவேன்."

அதற்குப் பிறகு அக்கா லைசென்ஸ் வாங்கியதும், பாயின் முழங்கால் அடியோடு கைவிட்டதும், காலையில் வருகிறவர்களுக்குக் கற்றுத்தரும் பொறுப்பு அக்காவிடம் வந்ததும் ஒன்றன் பின் ஒன்றாக நடந்தன. விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்து கார், பத்து மணிக்கு ஆபீஸ். நானும் மாணவியாகச் சேர்ந்தேன். காரில் அக்கா வேறு ஆள். ஆபீஸில் நாலு வரி அடிப்பதற்குள் கொட்டாவி விடுகிறவர், இங்கே ஒருவர் நாற்பது தடவை வண்டியை அணைத்தாலும், "ஆஃப் ஆனா என்னங்க, திரும்ப ஸ்டார்ட் ஆவும்" என்று முதல் தடவை சொன்ன அதே முகத்தோடு சொல்வார். குரல் ஒருநாளும் உயர்ந்ததில்லை.

இப்படி இருக்கும்போதுதான் பர்மனென்ட் ஆர்டர் வந்தது.

அக்காவுக்கு முன்னால் அவர் அப்பாவுக்குச் சேதி தெரிந்துவிட்டது. வெள்ளை வேட்டி சட்டையில், பெரிய மைசூர்பாக் டப்பாவோடு நேராக ஆபீஸுக்கே வந்துவிட்டார். முதல் துண்டை மானேஜர் வாயில் தன் கையாலேயே ஊட்டினார். எங்கள் எல்லார் வாயிலும் ஆளுக்கொரு துண்டு. அந்த மைசூர்பாக் நல்ல கெட்டி. அப்போதுதான் அக்கா எழுந்து, "சார், எனக்கு இந்த வேலை வேணாம் சார்" என்றார்.

யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. பாதிக் காரணம் அதிர்ச்சி, மீதி மைசூர்பாக். மானேஜர் ஒருவழியாக விழுங்கிவிட்டு, ஏன் என்று கேட்டார்.

"இங்க உக்காந்தா சாயங்காலம் எப்ப வரும்னு இருக்குது சார். அங்க சாயங்காலம் வந்துட்டா கோவம் வருது. பாய் முழு நேரமும் வரச் சொல்றாரு. நான் போறேன்."

அப்பா டப்பாவை மூடினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. அதை இரண்டு மூன்று தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, அப்படியே கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். அக்கா முகத்தில் அன்றைக்குத்தான் பயத்தைப் பார்த்தேன்.

வீட்டில் பேச்சு நின்றது. அப்பா சாப்பாடு வேண்டும் என்பதைக்கூடச் சுவரைப் பார்த்துத்தான் சொன்னாராம். ஊரில் விசாரித்தவர்களிடம், "லீவுல இருக்கா" என்றார். லீவு வாரக் கணக்கில் நீண்டது. அக்கா எதுவும் நடக்காதது போலத்தான் கற்றுக்கொடுத்தார். ஆனால் வண்டி நிற்கும்போதெல்லாம், "இன்னிக்கும் பேசல" என்று என்னிடம் மட்டும் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமையில் வந்த ஒரு பௌர்ணமி அன்று அப்பாவே டிரைவிங் ஸ்கூலுக்கு வந்துவிட்டார். பாயைப் பார்த்து, தன் பெண்ணை வேலையை விட்டு நீக்கச் சொல்ல வந்திருந்தார். பாய் விவரமானவர். வெயிலில் நின்று என்ன பேசுவது, வண்டி இப்போது ஒரு ரவுண்டு போகிறது, நீங்களும் போய்ப் பேசிக்கொண்டே வாருங்கள் என்று அவரைப் பின்சீட்டில் ஏற்றி என் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார். ஓட்டக் கற்றுக்கொள்கிறவர் கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை மண்டி வைத்திருந்த ஒருவர். அவர் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்த நொடியே ஸ்டியரிங் நடுங்கியது. ஒரு காலத்தில் ஹெட்மாஸ்டரிடம் படித்தவராம்.

கிரிவலக் கூட்டம் சேர்வதற்குள் திரும்பிவிடலாம் என்றுதான் போனோம். அன்றைக்குத் திதி மத்தியானமே தொடங்கிவிட்டது எங்களுக்கு உறைக்கவில்லை. அடி அண்ணாமலை தாண்டும்போது முன்னும் பின்னும் மனிதத் தலைகள். பஸ் பஸ்ஸாக வந்து இறங்கிய கூட்டம் மலையைச் சுற்றக் கிளம்பிவிட்டது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது, கதவைத் திறந்து இறங்கவும் முடியாது. கூட்டம் நகர்ந்தால் நாங்களும் ஒரு முழம் நகர வேண்டும்.

அக்காவுக்கு அது கொண்டாட்டம். "ஹாஃப் கிளட்ச் பழக இத விட நல்ல நாள் கெடைக்காதுங்க" என்று மண்டிக்காரருக்குப் பாடத்தை ஆரம்பித்தார். காலை எவ்வளவு தூக்கினால் வண்டி ஊரும், எவ்வளவு தூக்கினால் குதிக்கும் என்று ஒவ்வொரு முழத்துக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். மண்டிக்காரர் வண்டியை அணைத்துக்கொண்டே இருந்தார். இப்படி ஊர்ந்து வரும் வண்டி சுவாமி சம்பந்தப்பட்டதாகத்தான் இருக்கும் என்று வெளியூர் பக்தர் ஒருவர் முடிவு செய்து, எங்களுக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி ஒரு தேங்காயையும் உடைத்தார். மண்டிக்காரர் பயந்துபோய் மறுபடி வண்டியை அணைத்தார். அக்கா கண்ணாடிக்கு உள்ளிருந்தே கைகூப்பி பக்தருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, "பரவால்லிங்க, ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார்.

அப்பா முதலில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் கழுத்து இந்தப் பக்கம் வந்தது. பிறகு முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். மண்டிக்காரர் அடுத்த முறை வண்டியை அணைத்தபோது அவரால் அடக்க முடியவில்லை.

"டேய், எத்தினி தடவ சொல்றா அவ. காதுல வாங்க மாட்டியா? அன்னிக்கும் இப்படித்தான் கணக்குல முழிச்ச."

மண்டிக்காரர் திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னார். குரல் தாழ்ந்துதான் இருந்தது.

"உங்ககிட்ட படிச்சப்ப, எங்க அடி விழுமோன்னு உங்க கையத்தான் சார் பாத்துக்கினு இருப்பேன். கணக்கு எங்க ஏறும்? மேடம்கிட்ட ஒரு மாசந்தான் ஆவுது. தப்புப் பண்ணா பயமே இல்ல சார். பாருங்க, எப்படியோ வண்டி போவுது."

உண்மையில் வண்டி போய்க்கொண்டிருந்தது. முழம் முழமாக, குலுங்காமல். ஹெட்மாஸ்டர் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டார். அந்த முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கக் கூடாது என்று தோன்றி வெளியே திரும்பிக்கொண்டேன்.

ஸ்கூலுக்குத் திரும்பும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். இறங்கியதும் அப்பா வேட்டியைச் சரிசெய்தபடி நின்றார். வாரக் கணக்கில் சுவரோடு பேசியவர், அன்றைக்கு மகளைப் பார்த்துப் பேசினார்.

"நீ வண்டி ஓட்டற வேலைக்குப் போயிட்டன்னு நெனச்சேன். இது வாத்தியார் வேலை."

அக்கா தலையாட்டினார்.

"என்ன விட நல்லா பண்ற."

அக்கா சாவியை என் கையில் திணித்துவிட்டுக் குழாயடிக்குப் போய் முகம் கழுவினார். நாங்கள் எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமல் நின்ற மண்டிக்காரர், காரைத் தானே நிறுத்திக் காட்டுவதாகச் சொல்லி, என்னிடமிருந்து சாவியை வாங்கி, பாயின் சைக்கிள் மேல் ஏற்றினார்.

அடுத்த மாதத்திலிருந்து ஹெட்மாஸ்டரும் அங்கேயே வர ஆரம்பித்தார். கரும்பலகையில் சாலைக் குறியீடுகளை வரைந்து பாடம் நடத்துவார். பிரம்பு கொண்டுவரக் கூடாது என்பது மட்டும்தான் அக்கா போட்ட கண்டிஷன். அவர் சுண்ணாம்புக் கட்டியோடு அழகாகச் சமாளித்தார். வயதான காலத்தில் தன் வேலை தனக்கே புதிதாகக் கிடைத்த மாதிரி இருந்தது அவர் நடை. பாய் ஓய்வெடுத்த பிறகு ஸ்கூல் முழுக்க அக்கா கைக்கு வந்தது. செங்கம், போளூர் என்று சுற்றுவட்டாரத்துப் பெண்கள் ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து கற்றுக்கொண்டார்கள்.

எனக்குச் சென்னையில் கல்யாணம் ஆனது. அக்கா வரவில்லை. அன்றைக்கு இரண்டு பேருக்கு லைசென்ஸ் டெஸ்ட், விட்டுவிட்டு வர மனசு வரவில்லை என்று போன் செய்தார். பரிசும் அனுப்பவில்லை. மறந்திருப்பார். அவர் அப்படித்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நாங்கள் ஒரு பழைய கார் வாங்கினோம். என் கணவர் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். எங்கள் தெருவிலேயே இரண்டு டிரைவிங் ஸ்கூல்கள் இருந்தன. நான் அவரை லீவு போடவைத்துத் திருவண்ணாமலைக்கு அனுப்பினேன். ஒரு கார் ஓட்டுவதற்கு இவ்வளவு தூரமா என்று அவர் புலம்பிக்கொண்டேதான் பஸ் ஏறினார். பத்து நாள் கழித்து அக்காவிடமிருந்து போன் வந்தது.

"உன் வீட்டுக்காரருக்கு ரிவர்ஸ் வரவே இல்லம்மா. அது வராது போலருக்கு. ஆனா ஹாரனை ஒரு தடவ கூடத் தொடல. கெழவி ஒருத்தி நடு ரோட்டுல நின்னு பேசிக்கினு இருந்தா, பேசி முடிக்கிற வரைக்கும் நிறுத்திக்கினு இருந்தாரு. நல்ல மனுஷன். நீ நல்லா இருப்ப."

என் கல்யாணத்துக்கு வந்த குத்துவிளக்குகளும் சுவர்க் கடிகாரங்களும் எந்தப் பரணில் கிடக்கின்றன என்று தெரியவில்லை. எட்டு வருஷம் தாமதமாக, போனில் வந்த இந்தப் பரிசை மட்டும் நான் இன்னும் உபயோகித்துக்கொண்டிருக்கிறேன்.