பெண் பார்க்கப் போன பலாப்பழம்

பெண் பார்க்கப் போகிற ஆண்பிள்ளைக்குப் பெரிய சாமர்த்தியம் எதுவும் வேண்டாம். கொடுத்ததைத் தின்றுவிட்டு, காட்டிய இடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். எத்தனையோ மக்குகள் இதைச் செய்து முடித்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டு பேரன் பேத்தியும் எடுத்துவிட்டார்கள். எனக்கு அந்தச் சும்மா உட்காருகிற வேலைதான் வரவில்லை.

இன்றைக்கும் வராது. (இந்த நாலு வரி எழுதுவதற்குள் இரண்டு தரம் எழுந்து வாசல்வரை போய்விட்டு வந்தேன். வாசலில் ஒன்றும் இல்லை.) இந்தப் பழக்கத்தை எனக்கு உண்டாக்கியது ஒரு நாய். அதன் பெயர் செக்கர்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிது. திருமயம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் கம்பெனியில் நான் டிக்கெட் கிளார்க். அப்பா அம்மா இல்லை. அக்கா வீட்டில் சாப்பாடு, அக்கா வாயில் அர்ச்சனை. பஸ் ஸ்டாண்டில் சுற்றுகிற ஒரு செவலை நாய், இறங்குகிற ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்த்துத்தான் வெளியே விடும் என்பதால் நாங்கள் அதைச் செக்கர் என்று கூப்பிட்டோம். ஒருநாள் ரிவர்ஸில் வந்த லாரி ஒன்று அதன் தலையில் தட்டிவிட்டுப் போய்விட்டது. கூட்டம் கூடியது. ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டு அவரவர் பஸ்ஸில் ஏறிப் போனார்கள். நான் அதைச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு புதுக்கோட்டை மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். கருணை என்று யாரும் நினைக்க வேண்டாம். அன்றைக்குக் கவுண்டரில் உட்காரப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

டாக்டர் தையல் போட்டார். "இங்க கட்டிப் போட எடமில்லங்க. ரெண்டு நாளைக்கு ஒங்க வீட்டுல வச்சிருங்க. யாராச்சும் வளக்குறேன்னு வந்தாச் சொல்லி விடுறேன்" என்றார்.

யாரும் வரவில்லை. புண் ஆறியது. ஆனால் உள்ளே என்ன கலங்கியதோ, செக்கருக்கு வலிப்பு வர ஆரம்பித்தது. முதலில் வெறும் வாயை மெல்லும், மூலையை முறைத்துப் பார்க்கும், அப்புறம் தொப்பென்று விழுந்து காலை உதறும், நுரை தள்ளும். மறுபடி டாக்டரிடம் ஓடினேன். சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார். தின்றால் கொஞ்சம் தூக்கம் வரும் என்றார்.

"காலையில ஒண்ணு, வெளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒண்ணு. தவற விட்றாதீங்க."

"எத்தன நாளைக்குங்க?"

"ஆயுசுக்கும்" என்றார். நாயின் ஆயுசா, என் ஆயுசா என்று கேட்க நினைத்தேன்.

அந்த மாத்திரையைப் பூவன் பழத்துக்குள் சொருகிக் கொடுத்தால்தான் துரை சாப்பிடுவார். வேறு பழம் என்றால் பழத்தை மட்டும் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பிவிடுவார்.

அக்காவுக்கு மாத்திரையில் நம்பிக்கை கிடையாது. "வலிப்புன்னா கையில இரும்பக் குடுக்கணும்டா. இது தெரியாம என்ன படிச்ச?" என்றாள். இரும்பால் ஒன்றும் ஆகாது, தலை மோதாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் இரண்டு பேரையும் நம்பினேன். கம்பெனியில் கழித்துப் போட்ட பூட்டுகளின் சாவியையெல்லாம் ஒரு வளையத்தில் கோத்து இடுப்பில் சொருகிக்கொண்டேன். வலிப்பு வந்தால் ஒரு கையால் அதன் தலையைப் பிடிப்பேன், மறுகையால் சாவிக்கொத்தை அதன் பாதத்தில் வைத்து அழுத்துவேன். நான் நடந்து வந்தால் கோயில் மாடு வருகிற மாதிரி சத்தம் கேட்கும்.

அக்கா அதை 'ரெண்டு நாள் நாய்' என்றுதான் சொல்வாள். நானும் யார் கேட்டாலும் அப்படித்தான் சொன்னேன். அதை என் நாய் என்று நான் சொன்னதே கிடையாது. வருஷம் ஒன்று ஓடிவிட்டது.

அப்போதுதான் கீரமங்கலத்தில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் அப்பா தேங்காய் வியாபாரி. பெண் பெயர் கமலம். போட்டோவைப் பார்த்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதற்கு முன் வந்த இரண்டு இடம், 'மாப்பிள்ளை சீக்கு நாயைக் கட்டிக்கொண்டு அழுகிறாராமே' என்று தட்டிப் போயிருந்தது. அதனால் அக்கா கண்டிஷனாகச் சொல்லிவிட்டாள். "நாய்ங்கிற பேச்சே அங்க வரக்கூடாது. கல்யாணத்துக்கு முன்னாடி யாருக்காச்சும் குடுத்துத் தொலச்சுருவோம்."

நான் தலையாட்டினேன். ஆனால் பெண் பார்க்கிற அன்றைக்கு யார் மாத்திரை கொடுப்பது? கீரமங்கலத்துக்குப் புதுக்கோட்டையில் இறங்கி பஸ் மாற வேண்டும். விளக்கு வைப்பதற்குள் திரும்ப முடியாது. அத்தானைக் கேட்டேன். அவர் தன் விரல்களை ஒருமுறை பார்த்துவிட்டு, அன்றைக்குத் தனக்கு வயிற்றுவலி வரும் என்றார்.

செக்கரையும் கூட்டிக்கொண்டுதான் போனோம். பெரிய மூங்கில் கூடையில் சுருட்டிப் படுக்க வைத்து, மேலே துண்டைப் போர்த்தி, என் மடியில் வைத்துக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டில் வளர்ந்த நாய், பஸ்ஸில் சத்தமே போடாது. வழியெல்லாம் அக்கா என் பக்கம் திரும்பவில்லை. மாத்திரை புட்டியையும் கொண்டுபோக விடவில்லை. "பையில மருந்துப் புட்டியோட போனா நோயாளின்னு நெனைப்பாக." ஆகவே ஒரே ஒரு மாத்திரையை ஒரு பூவன் பழத்துக்குள் சொருகி, காம்பை ஒடித்து அடையாளம் வைத்து, அவளுடைய பைக்குள் போட்டேன். அதை அவளிடம் சொன்னேனா என்றால், சொல்லவில்லை. (சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.)

பெண் வீட்டில் கூடத்தில் எனக்கு ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். கூடையைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். பெண்ணின் ஆத்தா வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இம்புட்டுச் சாவி எதுக்குங்க, தம்பி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "ஆபீஸ் சாவி பூராவும் இவன்ட்டதான். முதலாளி வேற யாரையும் நம்ப மாட்டாரு."

"கூடையில என்னங்க?"

"பலாப்பழம்" என்றாள் அக்கா.

கீரமங்கலம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு பலா மரம். அந்த அம்மாள் கொல்லைப்புறம் திரும்பி, அங்கே காய்த்துத் தொங்குகிற தங்கள் மரத்தைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "திருமயத்துல இருந்தா பலாப்பழம் தூக்கிட்டு வந்தீக?" என்றார். அக்கா தட்டில் பழம் அடுக்குவதில் மும்முரமாகிவிட்டாள்.

பழம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. தட்டில் வெற்றிலைக்கு மேலே, காம்பு ஒடிந்த பூவன், எல்லாவற்றுக்கும் உச்சியில் இருந்தது. தட்டு பெண்ணின் அப்பாவுக்கு முன்னால் இருந்தது. வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நாம் கொண்டுபோன தட்டில் இருந்து நாமே எப்படிப் பழம் எடுப்பது? நான் எழுந்தேன். அக்கா முறைத்தாள். உட்கார்ந்தேன். தண்ணீர் வேண்டும் என்று மறுபடி எழுந்தேன். கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்துவிட்டு உட்கார்ந்தேன். மூன்றாம் தரம் நான் எழுந்தபோது, "தம்பிக்குக் கொல்லைக்குப் போகணுமா?" என்று பெண்ணின் அப்பா பரிவாகக் கேட்டார். கேட்டுக்கொண்டே கையை நீட்டி அந்தப் பழத்தை எடுத்தார். அவர் வாயில் ஏதாவது போட்டுக்கொண்டே பேசுகிற மனிதர்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். உரித்தார். இரண்டே வாய்.

"லேசாக் கசக்குதே" என்றார்.

"எங்க ஊரு மண்ணு அப்படி" என்றாள் அக்கா.

கொஞ்ச நேரம் தேங்காய் விலையைப் பற்றிப் பேசினார். பேச்சு இழுத்தது. கண் சொக்கியது. நாற்காலியிலேயே தலை சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்தார். மாப்பிள்ளை வீட்டார் எதிரில் இப்படியா என்று அந்த அம்மாள் கூனிக் குறுகிப் போனார். என் கவலை வேறு. மாமனார் விழித்தால் என்ன சொல்வது, விழிக்காவிட்டால் என்ன சொல்வது?

அந்த நேரம் பார்த்துப் பெஞ்சுக்கு அடியில் சப்புச் சப்பென்று வெறும் வாயை மெல்லுகிற சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் கேட்டால் நான் யோசிக்க மாட்டேன். தலைகீழாகப் பெஞ்சுக்கு அடியில் பாய்ந்தேன். கூடை கவிழ்ந்து செக்கர் தரையில் உதறிக்கொண்டிருந்தது. தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன், இடுப்பில் இருந்து சாவிக்கொத்தை உருவினேன். என் பாதி உடம்புதான் உள்ளே. வெளியே இருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் என் இரண்டு கால்கள். இடம் போதாமல் அவை அங்கிட்டும் இங்கிட்டும் உதைத்துக்கொண்டிருந்தன.

"ஐயய்யோ, மாப்பிள்ளைக்கு வலிப்பு" என்று அந்த அம்மாள் அலறினார்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்தார்கள். என் காலைப் பிடித்து இழுத்தார்கள். நான் நாயை விடாமல் பெஞ்சுக் காலைக் கட்டிக்கொண்டேன். ஒருத்தி முகத்தில் தண்ணீர் அடித்தாள். ஒருத்தி வெங்காயத்தை நசுக்கி என் மூக்கில் அப்பினாள். என் சட்டையெல்லாம் நாயின் நுரை. பேச வாயைத் திறந்தால் வெங்காயம் உள்ளே போனது. என் கையைப் பிரித்துப் பார்த்த அந்த அம்மாள், "பாவி, அதான் சாவிக்கொத்தோடயே திரியிறாரு" என்றார். அக்கா சுவரோரம் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஆத்தா, அவுகள விடுங்க. உள்ள ஒரு நாய் கெடக்கு. அதுக்குத்தான் வலிப்பு."

காப்பித் தட்டோடு வந்து நின்றிருந்த கமலம் பெஞ்சுக்கு அடியில் எட்டிப் பார்த்துச் சொன்னாள். தட்டைக் கீழே வைத்தாள். பட்டுச் சேலையோடு தரையில் குனிந்து, கூடையை மூடியிருந்த துண்டை மடித்துச் செக்கரின் தலைக்கு அடியில் வைத்தாள்.

"எம்புட்டு நேரம் இருக்கும்ங்க?"

"கொஞ்ச நேரத்துல சரியாயிரும்ங்க" என்றேன். நாங்கள் முதன்முதலில் பேசிக்கொண்டது இதுதான். என் மூக்கில் இருந்து வெங்காயச் சாறு வடிந்துகொண்டிருந்தது.

உதறல் நின்றது. செக்கர் எழுந்து தள்ளாடி, கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, எல்லோரையும் முகர்ந்து பார்த்து, தூங்குகிற மாமனாரின் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"நாய்க்கு எங்கயாச்சும் வலிப்பு வருமா?" என்றார் அந்த அம்மாள், யாரும் பதில் சொல்ல வேண்டாத தொனியில்.

அக்கா பாய்ந்து எழுந்தாள். "இது எங்க நாயே இல்லைங்க. ரெண்டு நாளைக்குன்னு வந்தது. கல்யாணத்துக்குள்ள யாருக்காச்சும் குடுத்துருவோம். சொல்லுடா."

கமலம் என்னைப் பார்த்தாள். "குடுத்துருவீங்களா?"

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் கல்யாணம். நானும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். செக்கர் படுத்தபடியே வாலை ஒரு தட்டுத் தட்டியது.

"இல்லைங்க. அது என் நாய்" என்றேன். "யாருக்கும் குடுக்க மாட்டேன். வேற யாருக்கும் அது பழம் திங்கத் தெரியாது."

என்ன பேச்சு பாருங்கள். அக்கா அழவே ஆரம்பித்துவிட்டாள். போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன். கமலம் ஆறிப்போன காப்பியை எடுத்துக்கொண்டு சூடு பண்ணப் போய்விட்டாள்.

வீட்டுக்காரர் எழுந்து முடிவு சொல்லாமல் எப்படிக் கிளம்புவது? அவர் எழுந்திருக்கவில்லை. கடைசி பஸ்ஸும் போய்விட்டது. அங்கேயே தங்கினோம். காலையில் மனிதர் பளிச்சென்று வந்து நின்றார்.

"இந்தப் புள்ளைக்கு வரன் தேட ஆரம்பிச்சதுல இருந்து நான் ஒழுங்காத் தூங்குனதில்ல. தம்பி வந்து ஒக்காந்த நேரம், அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கியிருக்கேன். இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்? முடிச்சுருவோம்."

அவருடைய சம்சாரம் அவரை உள்ளே இழுத்துப் போய் ஏதேதோ சொன்னார். கமலமும் ஏதோ சொன்னது கேட்டது. அவள் குரல்தான் கடைசியாகக் கேட்டது. தாலி கட்டிய அன்று செக்கர் பந்தலில் அத்தனை பேரையும் முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விட்டது.

அதன் பிறகு மாமனார் எப்போது திருமயம் வந்தாலும், "மாப்ள, தூக்கம் சரியில்ல. ஒங்க ஊருப் பூவன் ஒண்ணு குடுங்க" என்பார். மாத்திரை விஷயத்தைக் கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை. வெறும் பழத்தையே தின்றுவிட்டு நன்றாகத் தூங்கினார்.

மாமியார்தான் மசியவில்லை. வலிப்பு எனக்குத்தான், நாய் ஒரு சாக்கு என்பது அவருடைய தீர்ப்பு. அவர் வீட்டில் நான் படுத்தால் தலையணைக்கு அடியில் இரும்புச் சாவி இருக்கும்.

செக்கர் பல வருஷம் இருந்துவிட்டுப் போனது. கமலம்தான் கடைசி மாத்திரையைக் கொடுத்தாள். பஸ் ஷெட்டுக்குப் பின்னால் புதைத்துவிட்டு வந்தேன். அன்று மாமியார் எங்கள் வீட்டில் இருந்தார். விளக்கு வைக்கிற நேரம் வந்தது. என் கை தானாக ஒரு பூவன் பழத்தைப் பிய்த்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். எங்கே நிற்பதென்று தெரியவில்லை. அழுகை வந்துவிட்டது.

மாமியார் வந்து என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பழத்தை வாங்கிக் கீழே வைத்தார். தன் இடுப்பில் இருந்த சாவிக்கொத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கினார்.

"இறுக்கிப் புடிங்க, மாப்ள. கொஞ்ச நேரத்துல சரியாயிரும்" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நாயும் போயிருச்சு. இனிமே யார் பேரச் சொல்லிச் சமாளிப்பீக?"

அடுப்படியில் இருந்து கமலம் சிரிப்பது கேட்டது. அவளும் அழுதுகொண்டுதான் சிரித்தாள்.

அந்தக் கொத்தை அவர் திரும்பக் கேட்கவே இல்லை. (ஊருக்குப் போய் பீரோவை உடைத்துத்தான் திறந்தார்களாம்.) அது இன்றைக்கும் என் இடுப்பில் இருக்கிறது. விசேஷ வீடுகளில் நான் நாற்காலியை விட்டு எழுந்தால் போதும், பிள்ளைகளில் ஒன்று கூட்டத்துக்கு நடுவில் இருந்து குரல் கொடுக்கும்: "அப்பா, சாவி இருக்கா?"

இருக்கு என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் உட்காருகிறேன்.