ஈரப்பதம் சார் பாஸ் செய்த நாய்த்தீனி

ஊருக்கெல்லாம் பங்கு வைக்க வேண்டிய சந்தேகத்தைக் கடவுள் ஒரே ஆளின் தலையில் கொட்டிவிட்டார். அந்த ஆள் பூதலூரில், எங்கள் தெருவில், நாலாவது வீட்டில் இருக்கிறார். கோயிலில் விபூதி கொடுத்தால் இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பூசுவார். கல்யாணப் பந்தியில் ஒரு பருக்கையைப் பல்லில் வைத்துக் கடித்து, "இது பழைய அரிசி இல்ல" என்று பக்கத்து இலைக்காரருக்குச் சொல்வார். சமையல்கட்டு வரைக்கும் கேட்கும்.

அவருக்குச் சொந்தப் பெயர் உண்டு. யாருக்கும் ஞாபகமில்லை. நெல் கொள்முதல் நிலையத்தில் தரம் பார்க்கிற வேலை. மூட்டையில் குத்தூசியைச் செருகி, வழிகிற நெல்லை உள்ளங்கையில் ஏந்தி, நாலைக் கடித்து, "ஈரப்பதம் இருக்கு, காயவெச்சு எடுத்துட்டு வாங்க" என்பார். ஈரம் அளக்கிற மிஷின் அப்புறம்தான். மிஷினும் அவர் சொன்னதையே சொல்லும். அதுதான் எரிச்சல். அதனால் ஈரப்பதம் சார்.

ஒரு குறுவையில் என் நெல்லை இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். இரண்டாவது தடவை நான் பேசிய பேச்சை இங்கே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். ரிட்டயர் ஆகி அவர் எங்கள் தெருவுக்கே தனியாகக் குடிவந்தபோது, ஒரு வருஷம் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

எங்களைப் பேசவைத்தது ஒரு நாய்.

என் மகன் கத்தாருக்குப் போகும்போது பப்லுவை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். பொமரேனியன். மூன்றரைக் கிலோ. எங்கள் கொல்லைப் பூசணிக்காய் அதைவிடக் கனம். நாயும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். யார் கேட்டார்கள்? நான் தின்ற பிரியாணி, கறிக்கொழுப்பு, வடை எல்லாவற்றையும் அதற்கும் போட்டேன். ஒரு நாள் வாந்தி எடுத்துச் சுருண்டு விழுந்தது. தஞ்சாவூரில் கால்நடை டாக்டரம்மா ட்ரிப்ஸ் ஏற்றிவிட்டு என்னைத் திட்டினார்.

"கணையம் வீங்கியிருக்கு. இன்னொரு தடவை இப்படி வந்தா காப்பாத்துறது கஷ்டம். கொஞ்ச நாளைக்குக் குழைஞ்ச சோறும் தோல் எடுத்த கோழியும் போடுங்க. அப்புறம் சின்ன நாய்க்குன்னே செய்யற, கொழுப்பு கம்மியான தீனியா வாங்குங்க. லேபிளைப் படிச்சு வாங்குங்க."

நான் எந்த லேபிளைக் கண்டேன்? உள்ளூர்க் கடையில் உதிரியாக அள்ளி, கவரில் கட்டிக் கொடுத்ததை வாங்கிவந்து தட்டில் கொட்டினேன். தெருவில் போன ஈரப்பதம் சார் நின்றார். கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். ஒரு உருண்டையை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார்.

"சார், அது நாய்த்தீனி."

"தெரியும்மா. சத்தம் வரல பாருங்க. கடுக்குன்னு உடையணும். நமுத்துப்போச்சு. எண்ணெய்ச் சிக்கு வாடை வேற. திருப்பிக் கொடுத்துடுங்க."

"என் நெல்லைத் திருப்பினீங்க. இப்ப நாய்த்தீனியையுமா?"

"நெல்லு காஞ்சா சரியாயிடும். இது காஞ்சாலும் ஆகாது."

நாங்கள் சண்டை போட்டு முடிப்பதற்குள் பப்லு பாதித் தட்டைக் காலி செய்திருந்தது. சாயங்காலம் மறுபடி வாந்தி. நல்ல வேளை, ஒரு ஊசியோடு நின்றது. நாய் பிழைத்ததில் எனக்கு நிம்மதி. அந்த மனிதர் சொன்னது சரியாகப் போனதில் தாங்க முடியாத கோபம். இரண்டையும் சேர்த்துக்கொண்டு மறுநாள் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, "கடைக்கு வாங்க" என்றேன். எங்கே, எதற்கு என்று கேட்கவில்லை. பையோடு வந்து பஸ் ஏறினார்.

தஞ்சாவூர்க் கடையில் சுவர் முழுக்கப் பைகள். ஒவ்வொரு பையிலும் ஒரு நாய் சிரித்தது.

"நாய் எதுக்குத் தம்பி சிரிக்குது?" என்று கடைக்காரரிடம் ஆரம்பித்தார் சார்.

கடைக்காரர் கோழி, கேரட், பட்டாணி படம் போட்ட ஒரு பையை எடுத்து வைத்தார். சார் பூதக்கண்ணாடியை எடுத்துப் பின்பக்கம் படித்தார்.

"முன்னாடி முழுக் கோழி நிக்குது. பின்னாடி முதல் பேரு மக்காச்சோளம், ரெண்டாவது கோதுமை, மூணாவது தவிடு. கோழி எட்டாவதா வருது. எது எடை அதிகமோ அதைத்தானே முதல்ல போடுவாங்க?"

"ஆமா சார்."

"அப்ப மக்காச்சோளத்தையே படம் போட்டிருக்கலாமே."

அடுத்தது வெளிநாட்டுப் பை. பின்னால் ஒரு ஸ்டிக்கர். சார் நகத்தால் சுரண்டி உரித்தார். அடியில் ஒன்றும் இல்லை, வெறும் பை. அதில்தான் அவருக்குச் சந்தேகம் முற்றியது. "மறைக்க ஒண்ணுமே இல்லன்னா ஏன் ஒட்டினான்?"

இப்படியே ஏழு பைகள் தள்ளுபடி. எட்டாவதில் கோழி முதலில் இருந்தது. சின்ன நாய்க்கு, வளர்ந்த நாய்க்கு என்று போட்டிருந்தது. கொழுப்பு கம்மி. தயாரித்த தேதி, முடியும் தேதி, எத்தனை கிலோ நாய்க்கு எத்தனை கிராம், எல்லாம் இருந்தது. போட்டோ எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பினேன். "இது சரி" என்று பதில் வந்தது.

"அவங்க கடிச்சுப் பாத்தாங்களா?" என்றார் சார். பையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "எல்லாமே சரியா இருக்கு. அதான் உதைக்குது."

நானும் கடைக்காரரும் பாய்வதற்குள் தன் பையிலிருந்து குத்தூசியை உருவி, தீனிப் பையில் ஒரே செருகு. உருண்டைகள் அவர் உள்ளங்கையில் வழிந்தன. சும்மா சொல்லக்கூடாது, ஒன்றுகூடக் கீழே விழவில்லை. கடித்தார். கடுக்கென்று கடை முழுக்கக் கேட்டது.

"பாஸ்."

"அப்ப அந்தப் பையை எடுத்துக்கங்க சார்," என்றார் கடைக்காரர்.

"ஓட்டைப் பையா? காத்துப் பட்டா நமுத்துடும். இது ரிஜெக்ட். வேற கொடுங்க."

"ஓட்டை போட்டது யாரு சார்?"

"யார் போட்டா என்ன தம்பி, ஓட்டை ஓட்டைதானே."

நான் குத்தூசியைப் பிடுங்கிக்கொண்டு அந்தப் பையையே வாங்கினேன். கடைக்காரர் டேப் ஒட்டிக் கொடுத்தார். சார் டேப்பை நம்புவாரா? பூதலூர் வரும் வரைக்கும் அதன்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே வந்தார்.

தீனியை ஒரேயடியாக மாற்றக்கூடாது, இப்போது போடுகிற குழைந்த சோற்றில் தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கூட்ட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதை நான் ஒழுங்காகச் செய்வேன் என்று சாருக்கு நம்பிக்கையில்லை. தினம் காலை ஏழு மணிக்கு ஒரு குச்சியோடு வந்துவிடுவார். கொல்லையில் பப்லு வெளிக்குப் போன இடத்துக்கு நேராகப் போவார். குனிந்து, குச்சியால் புரட்டி, தீர்ப்புச் சொல்வார்.

முதல் நாள்: "இளக்கம். ஈரப்பதம் ஜாஸ்தி."

ஐந்தாம் நாள்: "பரவாயில்ல. ஆனா நம்ப முடியாது."

ஒன்பதாம் நாள் நெடுநேரம் குனிந்தே இருந்தார். இது ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்து எதைப் போடுவது என்று எனக்குத் தெரியாது. மெதுவாக நிமிர்ந்தார்.

"ஏ கிரேடு," என்றார்.

நாய்ப் பீயைப் பார்த்துக் கண் கலங்கிய பொம்பளை இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பப்லு இப்போது பூனையைத் துரத்துகிறது, போஸ்ட்மேனைப் பார்த்துக் குரைக்கிறது, முடி பளபளவென்று இருக்கிறது. சார் இன்னும் ஏழு மணிக்கு வந்துகொண்டிருக்கிறார். போன வாரம் கேட்டேன்.

"நாய்தான் நல்லாயிடுச்சே சார். இன்னும் எதுக்குத் தினம் வரீங்க?"

"நல்லாயிடுச்சுன்னு நீங்க சொல்றீங்க. எனக்கு இன்னும் ஒரு சின்ன சந்தேகம் இருக்கும்மா," என்றார், பப்லுவின் காதைத் தடவிக்கொண்டே.

உள்ளே போய் டீக்கு இன்னொரு டம்ளர் தண்ணீர் சேர்த்து வைத்தேன்.