ஹாஜியாருக்கு எழுபத்திரண்டு

“எனக்கு எழுபத்திரெண்டு. இரும்புக்கடை பொன்னுத்துரைக்கு எழுபத்தஞ்சு. இது எந்த ஊருத் தராசு, சேது?”

அஸீம் ஹாஜியார் படியேறி வந்த மூச்சிரைப்போடு கேட்டார். கீழே இருந்த புடவைக்கடை அவருடையது. மேலே சேதுராமன் மூன்று கம்ப்யூட்டர்களை வைத்து ஊராரைக் கேம் விளையாட விடும் அறையும் அவருடையதுதான். வாடகை ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. மறுபடியும் கையெழுத்துப் போடுவதா, மச்சானின் கைத்தொலைபேசிக் கடைக்கு அறையைக் கொடுப்பதா என்று ஹாஜியார் யோசித்துக்கொண்டிருந்தார். வாடகைக்காரன் முன்னால் சத்தமாகவே யோசிப்பது அவர் வழக்கம்.

“நான் போட்ட எண் இல்லீங்க ஹாஜியார். கம்பஸ் தம்பி போட்டது.”

“கட யார்ட?”

“அறை ஒங்களுது. கடை என்னோடது.”

“அப்ப தராசும் ஒன்னோடதுதான்.”

கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டை வியாபாரிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றோரத்து மைதானத்தில் மென்பந்து கிரிக்கெட் ஆடுவார்கள். மைதானத்தில் ராணுவம் கூடாரம் அடித்தபிறகு பந்து போகும் பக்கமெல்லாம் ஆள் போக முடியவில்லை. ஆட்டம் நின்றது. சேதுராமன் தன்னிடமிருந்த கிரிக்கெட் கேமைப் போட்டுக் காட்டினான். கம்பனி செய்தபடியே இருந்த அசல் ஆட்டம். யார் யாரோ வெள்ளைக்காரப் பெயர்களோடு ஆடினார்கள்.

“யாருன்னே தெரியாதவனுக்காக நான் எதுக்கு ஓடணும்?” என்று பொன்னுத்துரை ஒரே ஓவரில் எழுந்து போய்விட்டார்.

அப்போதுதான் பேராதனைக் கம்பஸில் படிக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை விவேகானந்தன் ஒரு வழி சொன்னான். கம்பனி செய்த ஆட்டத்தை ரசிகர்கள் பிரித்து, இஷ்டப்படி பெயரையும் சட்டையையும் மைதானத்தையும் மாட்டிவிடுவார்களாம். அதற்குப் ‘பெட்ச்’ என்று பெயராம். சில வாரங்களில் அவன் கட்டுகஸ்தோட்டைக்கென்றே ஒரு பெட்ச் செய்து கொண்டுவந்தான். திரையில் மகாவலிப் பாலம் தெரிந்தது. அஸீம் ஹாஜியார் வெள்ளைத் தொப்பியோடு மட்டை பிடித்தார். பொன்னுத்துரைக்கு அளவெடுத்தாற்போல் தொப்பையும் இருந்தது. கடைத்தெருவே படியேறி வந்தது.

ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், மட்டை பிடிக்கும் திறமைக்கு நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண்ணும் தெரிந்தது. வியாபாரியின் கண்ணில் ஓர் எண் பட்டால் அது விலை. விலை என்றால் பேசிப் பார்க்கலாம்.

“சரி, எவ்வளவு போடணும்ங்க?” என்றான் சேதுராமன்.

“தொண்ணூறு.”

“கட்டாதுங்க. எழுபத்தாறு போடுறேன்.”

“தெரிஞ்ச மனிசனுக்குச் செல்ற வெலையா இது? எம்பத்தஞ்சு.”

“எழுபத்தெட்டு. அதுக்கு மேல போனா எனக்கே நட்டம்.”

ஹாஜியார் எழுந்து படியிறங்கத் தொடங்கினார். இவன் கூப்பிடுவான் என்று அவருக்குத் தெரியும். அவர் மெதுவாகத்தான் இறங்குவார் என்று இவனுக்கும் தெரியும்.

“சரி வாங்க ஹாஜியார், எம்பது. கடைசி.”

அன்று பின்னேரம் ஹாஜியார் ஆறு ஆறாக அடித்தார். அறையிலிருந்த எல்லோருக்கும் பிளேன்டீ வந்தது. சேதுராமனுக்கு வாடகை ஒப்பந்தமே கைக்கு வந்துவிட்டது போலிருந்தது.

மறுநாள் காலையில் பொன்னுத்துரை வந்தார். அவர் குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. ஆணியைக்கூடத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நிறுவையில் போடுவார்.

“ஹாஜியாருக்கு எம்பதாமே. நல்லது. நல்ல மனுசன். எனக்கு எம்பத்திரெண்டு போட்டுரு.”

“மொதலாளி, அது வந்து…”

“ஜெனரேட்டருக்குக் கேபிள் வேணும்னியே, வந்திருச்சி. கடனுக்கே எடுத்துக்க.”

எண்பத்திரண்டு ஆயிற்று.

பிறகு பேக்கரிக்காரர் வந்தார். மட்டைக்கும் பந்துக்கும் சேர்த்து மொத்தமாக எடுத்தால் என்ன கூட்டித் தருவாய் என்று கேட்டார். வாழ்நாளில் மட்டையைத் தொட்டிராத மருந்துக்கடைக்காரர் எண்பத்தெட்டுக் கேட்டார். “நாள் முழுக்க நிண்டுக்கிட்டே யாவாரம் பண்றவன் நான். எவன் என்னை அவுட்டாக்குவான்?” என்பது அவர் வாதம். நகைக்கடைக்காரர் புள்ளி வைத்துத் தசமத்தில் கேட்டார். ஒருவருக்கு ஏற்றியதும் அடுத்தவர் படியேறினார். கடைசியில் கடைத்தெரு முழுவதும் தொண்ணூற்றொன்பதில் போய் நின்றது. அதற்கு மேல் கேம் ஏற்றுக்கொள்ளவில்லை.

ஹாஜியார் மறுபடியும் மேலே வந்தார்.

“எல்லாருக்கும் தொண்ணூத்தொம்பதெண்டா எனக்கு என்னத்துக்கு அது? பட்டுக்கும் சீத்தைத் துணிக்கும் ஒரே வெலையா? மச்சானும் கேட்டுக்கிட்டேதான் ஈக்கிறாரு, சேது.”

பகல் சோறு கொண்டுவந்த மனைவி சுந்தரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

“பேசாம அசல் சீடியவே போடுங்களேன். வெள்ளைக்காரன் பேருன்னா எவனும் சண்டைக்கு வரமாட்டான்.”

“எவனுமே வரமாட்டான், சுந்தரி.”

யோசித்து யோசித்து அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். விவேகானந்தனைக் கொண்டு எண்களைத் திரையில் தெரியாமல் மறைத்தான். பிறகு ஒவ்வொருவரையும் தனியாகக் கதவோரம் கூட்டிப்போய், “ஒங்களுக்கு மட்டும் உள்ளுக்குள்ள கூட்டி வச்சிருக்கேன். வெளிய சொல்லிராதீங்க” என்றான். உண்மையில் அவன் யாருக்கும் எதையும் கூட்டவில்லை. குறைக்கவுமில்லை.

அந்த வாரம் கட்டுகஸ்தோட்டையைப் போல நிம்மதியான கடைத்தெரு இலங்கையில் வேறெங்கும் இருந்திருக்காது. ஒவ்வொருவரும் மற்றவனைப் பாவம் என்று பார்த்துச் சிரித்தார்கள். அவுட்டானால் ஜோய்ஸ்டிக்கைத் திட்டினார்கள். ஹாஜியார் ஒரு சதமே அடித்தார். சேதுராமன், தன்னைப்போல் கெட்டிக்காரன் கண்டி வரைக்கும் இல்லை என்று நினைத்துக்கொண்டான்.

ஹாஜியாரின் நல்ல மனசுதான் கெடுத்தது. தேநீர்க்கடையில் பொன்னுத்துரையைக் கண்டதும் அவருக்கு இரக்கம் பொங்கிவிட்டது.

“தோக்கிறத நெனச்சிக் கவலப்படாதீங்க. ஒங்கட பிழை இல்ல. அதுக்கொரு காரணம் ஈக்குது.”

“என்னா காரணம்? ஒங்களுக்கு மட்டும் உள்ளுக்குள்ள கூட்டி வச்சிருக்கிறதா?”

ஹாஜியாரின் கையில் தேநீர்க் கோப்பை அப்படியே நின்றது.

“ஒங்களுக்கு யார் சென்ன?”

“அவனேதான். எனக்கும் அதையேதான் சொன்னான்.”

இருவரும் சேர்ந்தே படியேறினார்கள்.

“எண்ணை மறைச்சி வெச்சி யாவாரம் பண்றது கள்ளத் தராசு,” என்றார் ஹாஜியார். “வார ஞாயித்துக்கிழம நானும் இவரும் ஒரு மெட்ச். நான் வெண்டா ஒப்பந்தத்தில கையெழுத்து. தோத்தா நீ எனக்குத் தந்தது போலிச் சாமான். திங்கக்கிழம மச்சான் வந்து போர்டு மாட்டுவாரு.”

“மொதலாளி, நீங்களாச்சும் சொல்லுங்க,” என்று சேதுராமன் பொன்னுத்துரையைப் பார்த்தான்.

“எனக்கு ஒரு நிபந்தனையும் இல்லப்பா. சும்மா வந்து ஆடிட்டுப் போறேன்.”

இனி உண்மையாகவே மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஆனால் மறைத்த எண்களை மாற்றும் வித்தை விவேகானந்தனுக்குத்தான் தெரியும். சனிக்கிழமை காலையில் வரச் சொன்னால், அவன் மத்தியானம்தான் வந்து சேர்ந்தான்.

“என்னப்பா இவ்வளவு நேரம்?”

“பாலத்தடியில செக்கிங் அண்ணை. சீடிக்குள்ள என்ன கிடக்கு எண்டு கேட்டினம். கட்டுகஸ்தோட்டை எண்டு சொல்லிப் போட்டன்.”

“அட கடவுளே!”

“அதுதான் சுணங்கிட்டுது.”

சேதுராமன் கதவைச் சாத்தினான். குரலைத் தாழ்த்தினான்.

“ஹாஜியாருக்குத் தொண்ணூத்தொம்பது. பொன்னுத்துரை மொதலாளிக்கு நாப்பது.”

“நாப்பதோ? பாவம் அண்ணை.”

“திங்கக்கிழமை நான் கம்ப்யூட்டர்களத் தூக்கிக்கிட்டு ரோட்டுல நிப்பேன். அது பாவமா தெரியலையா ஒனக்கு?”

விவேகானந்தன் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்து தட்டினான். சேதுராமன் ஜன்னலோரம் நின்று காவல் பார்த்தான்.

“போட்டாச்சு அண்ணை.”

ஞாயிற்றுக்கிழமை அறையில் கால் வைக்க இடமில்லை. பேக்கரிக்காரர் ஒரு தட்டு பணிஸோடு வந்திருந்தார். மருந்துக்கடைக்காரர் வழக்கம்போல நின்றுகொண்டார். ஹாஜியார் பிஸ்மி சொல்லி ஜோய்ஸ்டிக்கை எடுத்தார்.

முதல் பந்திலேயே விக்கெட் பறந்தது. சேதுராமன் அதை ஒரு சகுனமாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஓவரில் இன்னொன்று போனது. ஹாஜியார் இழுத்து அடித்த பந்துகள் காற்றில் களைத்துப்போய் நேராகக் கைகளில் விழுந்தன. எல்லோரும் அவுட்டாகி முடிந்தபோது, அவர் எடுத்த ஓட்டத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு யாரும் சொல்லவில்லை.

பொன்னுத்துரை அலட்டிக்கொள்ளாமல் ஆட வந்தார். திரையிலிருந்த தொப்பைக்காரர் மட்டையைத் தொட்டாலே பந்து மகாவலிப் பாலத்துக்கு அப்பால் போய் விழுந்தது. பணிஸ் தட்டு காலியாகும் முன்பே ஆட்டம் முடிந்துவிட்டது.

ஹாஜியார் மெல்ல எழுந்தார்.

“நாளைக்குச் சாவியக் கீழ கொண்டு வந்து தந்துரு சேது.”

“ஹாஜியார்! சத்தியமாச் சொல்றேன், ஒங்களுக்குத் தொண்ணூத்தொம்பது போட்டேன்! மொதலாளிக்கு வெறும் நாப்பதுதாங்க போட்டேன்!”

எல்லோரும் பொன்னுத்துரையின் பக்கம் திரும்பினார்கள்.

“எனக்கு நாப்பதா?” என்றார் பொன்னுத்துரை. குரல் அப்போதும் உயரவில்லை. “கேபிள் குடுத்த எனக்கா?”

“நாப்பதுக்காரன்ட்டயா நான் தோத்தீக்கிறேன்?” என்று ஹாஜியார் இன்னும் சிவந்தார். “தெற அந்தப் பொட்டிய! உள்ளுக்கு என்ன எண் ஈக்குது எண்டு பாப்போம்!”

சேதுராமன் மவுஸில் கை வைத்தான். அதற்குள், மூலையில் பணிஸ் தின்றுகொண்டிருந்த விவேகானந்தன் பாய்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்தான்.

“திறந்து பாக்கத் தேவையில்லை அண்ணை. நான் ஒண்டு சொல்லோணும். அந்த எண்ணெல்லாம் வெறும் எழுத்துத்தான். எனக்குப் பேரும் சட்டையும் பாலமும் மட்டுந்தான் மாத்தத் தெரியும். உள்ளுக்க ஓடுறது கம்பனி செய்த அசல் ஆட்டம். எழுபத்திரண்டு போட்டாலும் ஒண்டுதான், தொண்ணூற்றொன்பது போட்டாலும் ஒண்டுதான்.”

மருந்துக்கடைக்காரர் முதல் முறையாக உட்கார்ந்தார்.

ஹாஜியாரின் கோபம் எங்கேயோ பாதியில் நின்றுவிட்டது.

“அப்ப… எம்பது போட்ட அண்டைக்கு ஆறு ஆறா அடிச்சேனே?”

“அது நீங்கள் அடிச்சதுதான் ஹாஜியார்.”

“போன கெழம அடிச்ச சதம்?”

“அதுவும் உங்கட கைதான்.”

ஹாஜியார் கதிரையில் சாய்ந்தார். சாயம் போகும் என்று மலிவு விலைக்கு ஒதுக்கிய துணி காஞ்சிபுரம் என்று தெரியவந்த முகம் அது.

“அசல் ஆட்டத்துல அடிச்சீக்கிறேன்,” என்றார். பிறகு அறைக்கே கேட்கும்படி, “ஒரு பெட்ச்சும் இல்லாம அடிச்சீக்கிறேன்! இண்டைக்குத் தோத்தது என்ன, கிரிக்கெட்டெண்டா ஒரு நாளைக்கு அப்படித்தான். என்ன பொன்னுத்துரை?”

“அதானே,” என்றார் பொன்னுத்துரை. “இன்னிக்கு எனக்கு, நாளைக்கு ஒங்களுக்கு.”

“சேது, எங்க அந்த ஒப்பந்தம்? கொண்டா இங்க. போலிச் சாமான் விக்கிறவனெண்டு நெனச்சிட்டேன். நீ என்னமோ அசலத்தான் வித்தீக்கிறாய், ஒனக்கே தெரியாம.”

ஜோய்ஸ்டிக்கை ஒதுக்கிவைத்துவிட்டு அந்த மேசையிலேயே கையெழுத்துப் போட்டார். எல்லோருக்கும் பிளேன்டீ வந்தது. ஹாஜியார் தன் சதத்தை முதல் பந்திலிருந்து சொல்லத் தொடங்கினார். பொன்னுத்துரை நடுநடுவே தலையாட்டி, மெச்சிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பேராதனை பஸ்ஸுக்குப் புறப்பட்ட விவேகானந்தனோடு சேதுராமனும் கீழே இறங்கி வந்தான்.

“காப்பாத்திட்ட தம்பி. ஆனா எண்ணு வேலை செய்யாதுன்னு மொதல்லயே சொல்லியிருந்தா நான் இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டேனே?”

“எண்ணெல்லாம் நல்லாத்தான் வேலை செய்யுது அண்ணை,” என்றான் விவேகானந்தன், பஸ்ஸின் மிதிபலகையில் ஏறிக்கொண்டே. “உங்கட சில்லறைக் கடையில ஏன் பேரம் பேசோணும் எண்டு, பொன்னுத்துரை முதலாளி வெள்ளிக்கிழமையே நான் தங்கியிருக்கிற போடிங்குக்கு வந்து, ஒழுகிற கூரைக்குத் தகரம் போட்டுத் தந்திட்டுப் போனவர்.”