பதினொன்றே முக்கால் புள்ளி

"கிய்ங்! கிய்ங்! கிய்ங்!"

போர்வெல் ரிக் கம்பெனி ஆபீஸே திரும்பிப் பார்க்கும்படி மாதேஸ்வரனின் கைப்பேசி அலறியது. மணி பதினொன்றே முக்கால்.

மாதேஸ்வரன், லைசென்ஸ் வாங்கி வானலையில் பேசுவதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் ஹாம் ரேடியோக்காரர். அந்த ஆட்களின் வாக்கிடாக்கி, தான் இருக்கும் இடத்தைத் தானே வானில் அறிவித்துக்கொண்டு போகும். கைப்பேசி வரைபடத்தில் அது ஒரு புள்ளியாக நகரும். தன் வீட்டருகே வேறு எந்தப் புள்ளி வந்தாலும் மணி அடிக்கும்படி அவர் செய்து வைத்திருந்தார். திருச்செங்கோட்டில் அவரை விட்டால் ஹாம் கிடையாது. ஆறு வருடமாக அது அடித்ததே இல்லை.

திங்கட்கிழமை அடித்தது. செவ்வாயும் அடித்தது. இன்று புதனும் அடிக்கிறது.

சந்தை முனையில் புள்ளி முளைக்கும். இரண்டு தெரு திரும்பும். மாதேஸ்வரன் வீட்டுக்குள் போய் நின்றுவிடும். வந்தது தெரிந்தது, போனது தெரியவே இல்லை.

மனைவிக்கு போன் போட்டார்.

"சுகன்யா, ஊட்டுக்கு யாராச்சும் வந்தாங்களா?"

"யாரும் வரலீங்களே. ஏனுங்க?"

"ச்சும்மா கேட்டேன்."

அடுத்து சேலம் சூரமங்கலத்து ஹாம் நண்பர் வெள்ளியங்கிரி.

"எங்க ஊட்டுப் பக்கம் ஒரு புள்ளி வருதே, அது யாருங்க புதுசா?"

"போன மாசந்தான் லைசென்ஸ் வந்துச்சுங்க. தங்கமான குணம். பொறுமைன்னா அப்படியொரு பொறுமை."

"எம்பட ஊட்டுல அந்தாளுக்கு என்னங்க வேலை?"

"அத நீங்களே கேட்டுக்கோங்க." வெள்ளியங்கிரி இருமிக்கொண்டே போனை வைத்தார்.

வியாழனன்று கேட்டேவிட்டார். புள்ளிக்கு ரேடியோ வழியாகவே செய்தி அனுப்பலாம். 'எங்கே போகிறீர்கள்?' என்று தட்டினார்.

அரை நிமிடத்தில் பதில் வந்தது: 'வீட்டுக்கு. சாப்பிட.'

புள்ளி நேராக அவர் வீட்டுக்குள் போய் நின்றது. அன்றைக்குக் கொண்டுபோன தயிர் சாதத்தை மாதேஸ்வரன் திறக்கவே இல்லை.

மாலையில் எதிர்வீட்டு மாரக்காளைத் தனியாகப் பிடித்தார்.

"அக்கா, நாளைக்கு எங்க ஊட்ட ஒரு கண்ணு பாத்துக்கோங்க. வெளியாளு யாராச்சும் உள்ள போனாச் சொல்லுங்க. யாருக்கும் தெரியக் கூடாது."

வெள்ளியன்று மணி அடித்ததும் மாரக்காளை அழைத்தார்.

"வெளியாளு ஒருத்தரும் போவலீங்க தம்பி."

"இப்பத்தானக்கா உள்ள போச்சு! எனக்கு போன்லயே தெரியுது!"

"நான் கண்ணு கொட்டாமப் பாத்துட்டு இருக்கறன். எனக்குத் தெரியலியே... அய்யோ சாமி!"

போன் கட்டானது.

மாதேஸ்வரன் வீடு திரும்புவதற்குள் தெரு முழுக்கச் சேதி பரவியிருந்தது: கண்ணுக்குத் தெரியாத ஒன்று தினமும் மாதேசு வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறது. கேட்டில் வேப்பிலை தொங்கியது. குமாரபாளையத்திலிருந்து பேயோட்டும் கோடாங்கியைக் கூட்டி வரலாமா என்று இரண்டு பேர் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். சுகன்யா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். அழுகிறாள் என்று நினைத்தார் மாதேஸ்வரன். அவள் பேர் கெட்டுப்போகும் முன்னால் ஆளைப் பிடித்தாக வேண்டும்.

சனிக்கிழமை லீவு போட்டார். ஆபீஸுக்குக் கிளம்புவதுபோல் கிளம்பி, பின்சந்து வழியாக வந்து, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வாக்கிடாக்கியோடு குந்திக்கொண்டார். அவருடைய புள்ளியும் வரைபடத்தில் விழுந்தது. கீழே வேப்பிலையும் கையுமாக மாரக்காள் தலைமையில் பத்துப் பேர்.

பதினொன்று நாற்பது. சந்தை முனையில் புள்ளி முளைத்தது. முதல் தெரு திரும்பியது. இரண்டாவது தெருவும் திரும்பியது.

அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. வாக்கிடாக்கியின் பட்டனை அமுக்கினார்.

"ஏனுங்க, பதில் சொல்லீட்டு அப்பறம் உள்ள போங்க! தினமும் அந்த ஊட்டுக்கு யாரப் பாக்க வாரீங்க?"

கரகரவென்று ஓர் இரைச்சல். பிறகு சேலம் வரைக்கும் கேட்கும்படி, தெளிவாக ஒரு பெண்குரல் வந்தது.

"யாரையும் பாக்க வரலீங்க. அது எங்க ஊடு. மொட்டை மாடியில தொட்டிக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கறவரு எம்பட ஊட்டுக்காரருங்க. ஓவர்!"